மெரூன் வண்டியின் முன் சீட்

கதவைத் திறந்தான். இறங்கினான். மடியில் வைத்திருந்த பரிசுக் கோப்பையை, அதுவரை தான் உட்கார்ந்து வந்த சீட்டிலேயே வைத்தான். கதவைச் சாத்தினான்.

அறைந்து சாத்தவில்லை. அந்தக் கதவு சத்தமில்லாமல் மூட வேண்டும் என்பதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் கீலோடு மல்லுக்கட்டியவன் அவன். இரண்டு விரலால் தள்ளினான். அது பாட்டுக்கு மூடிக்கொண்டது.

என் கால் பிரேக்கில் இருந்தது. கை ஸ்டீயரிங்கில் இருந்தது. வாய் எங்கே போயிருந்தது என்று இன்று வரை தெரியவில்லை.

போன வாரம், மாட்டுக் கொட்டகையில் அந்தக் காரைக் கண்டெடுத்த கதையை எழுதியிருந்தேன். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்கிற சரக்கு என்னிடம் அதிகமில்லை. எழுத உட்கார்ந்ததிலிருந்து பேனாவை இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம். இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆறக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

ஒரு ஸ்டாப் முன்னால்

இறங்கியவன் பெயர் ஏழுமலை. எங்கள் ஊர்க்காரன். உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வந்தால் முதலில் ஏரிக்கரை, அதைத் தாண்டினால் வலப்பக்கம் எங்கள் தெரு, இடப்பக்கம் காலனி. அவன் இடப்பக்கம். நான் வலப்பக்கம். வேறு எப்படிச் சொன்னாலும் சுற்றி வளைத்து இதற்குத்தான் வந்து சேரும், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வாலிபத்தில் நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்தில் ஒரே லாரிப் பட்டறையில் வேலை பார்த்தோம். நான் எஞ்சின் பக்கம். அவன் டிங்கரிங், பெயிண்ட். பட்டறைக்கு எதிரில் ஒரு பாய் டீக்கடை. ஒரே பெஞ்சு, ஒரே தட்டு பிஸ்கட். அந்த பாய் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிட்டா செலவு மிச்சம்பா" என்பார்.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புவோம். பஸ்ஸில் ஒரே சீட். கதை பேசிக்கொண்டே வருவோம். எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னால் ஏழுமலை எழுந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொள்வான்.

ஏன் எழுந்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. சீட் முழுக்க எனக்கே கிடைக்கும், காலை நீட்டிக்கொள்வேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆற்று மணல் மூட்டை

அந்தக் காருக்கு எங்கள் ஊரில் வெத்தலப் பெட்டி என்று பெயர். முப்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்தது. மேலே துணிக் கூரை, பக்கத்துக்கு இரண்டு கம்பிச் சக்கரம், நாலு பேர் உட்காரலாம். நாலு பேரும் ஒல்லியாக இருந்தால்.

எனக்கு ஏற்கெனவே இந்தக் கிறுக்கு உண்டு என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிற்பாடு ஊரில் நான் போட்ட பம்ப்செட் ரிப்பேர் ஷெட்டில் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள், எஞ்சின் இல்லாத ஒரு கார் எலும்புக்கூடு எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். என் மனைவி சரோஜா அக்கம்பக்கத்தில், "மத்தவங்க வூட்ல மாடு மேயுது, என் வூட்டுக்காரரு இரும்பு மேயுறாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

எஞ்சினை நான் இரண்டு வருஷத்தில் ஓட வைத்துவிட்டேன். அது பெரிய காரியமில்லை. இரும்பு தேயும், தேய்ந்ததைக் கடைந்து போட்டால் ஓடும். உடம்புதான் போயிருந்தது. மாட்டு மூத்திரம் பட்டு மட்கார்டு நான்கும் அப்பளமாக உடைந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் லாரித் தகட்டை வெட்டிப் பற்ற வைத்து முடி என்றார்கள்.

ஏழுமலைதான் மாட்டேன் என்றான். திருமுக்கூடலுக்குப் போய் ஆற்று மணல் கொண்டுவந்து, கோணியில் போட்டு இறுக்கித் தைத்தான். புதுத் தகட்டை அந்த மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டுவான். படார் படார் என்று அடிக்க மாட்டான். குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி. ஒரு மட்கார்டுக்கு நாற்பது ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வார நாளில் லாரிப் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை என் ஷெட். எதற்காக இவ்வளவு பாடு என்று ஒரு தடவை கேட்டேன்.

"லாரிக்கு அடிக்கற பெயிண்டு மூணு மாசத்துல சேறாயிடுது. இது ஒண்ணாவது நிக்கட்டுமே" என்றான்.

டாஷ்போர்டுக்கு அடியில் சுரண்டிப் பார்த்துப் பழைய நிறத்தைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். மெரூன். பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, பதினோரு தடவை. என் கையைப் பிடித்துக் கதவின் மேல் வைப்பான்.

"கண்ண மூடிக்கினு தடவு. எங்க கை நிக்குதோ அங்க வேல பாக்கி கீது."

எங்கேயும் நிற்காது. அவன் கைக்கு மட்டும் நிற்கும். மறுபடி தேய்ப்பான்.

மெட்ராஸில் எனக்கிருந்த வீரம்

மெட்ராஸில் பழைய கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் காட்டுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எண்பதுகளின் ஆரம்பம். ராஜகுளம் வழியாக ஹைவே பிடித்துப் போனோம். ஏழுமலை முன் சீட்டில், என் இடப்பக்கம். மடியில் ஒரு மூட்டை பனியன் துணி. எங்கே நிறுத்தினாலும் இறங்கித் தூசி தட்டுவான்.

அங்கே வந்திருந்த கார்களைப் பார்த்ததும், எங்கள் வண்டியைக் கடைசி வரிசையில் நிறுத்தலாமா என்று இடம் தேடினேன். டிரைவர் தனி, துடைக்கிற ஆள் தனி, குடை பிடிக்கிற ஆள் தனி என்று வந்திருந்தார்கள். பக்கத்துக் காரின் சொந்தக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஓனர் எப்பப்பா வருவாரு?" என்று கேட்டார்.

ஏழுமலை துணியைக் கீழே வைக்காமலே, "ரெண்டு பேரும் வந்துட்டோம் சார்" என்றான்.

மதிப்பெண் போட வந்த பெரியவர் வெள்ளைக்கார மிடுக்கில் இருந்தார். குனிந்து மட்கார்டின் உள்பக்கம் விரல் விட்டுத் தடவினார். வெளிப்பக்கம் யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கிவிடலாம். உள்பக்கத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்களாம். விரல் போனது, வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

"யார் செஞ்சது?"

"இவன்தான்" என்றேன். ஏழுமலையிடம் தன் விலாசம் போட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்தார். தன் ஷெட்டில் ஏழெட்டு வண்டி இருக்கிறது, வந்து பார் என்றார்.

பெயிண்டுக்கும் உடம்பு வேலைக்கும் என்று இருந்த கோப்பை எங்களுக்கு வந்தது. மைக்கில் என் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். நான் ஏழுமலையின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனேன். "வேணாம்டா, விடுடா" என்றான். நான் விடவில்லை. கோப்பையின் ஒரு காதை நானும் ஒரு காதை அவனும் பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தனை கார்க்காரர்களுக்கும் முன்னால் எனக்கு அவ்வளவு தைரியம் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. அந்த தைரியத்தை நான் ஹைவேயில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

"வேணான்னு சொல்லல"

உத்திரமேரூரில் டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் ஊருக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கோப்பையைப் பார்த்துவிட்டார். எங்களுக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சேதியும் சேர்ந்துவிட்டது.

ஏரிக்கரை முனைக்கு நாங்கள் வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். மாலை, தேங்காய், சூடம். முன்னால் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், அப்பா போன பிறகு எனக்கும் பெரியவர், ஊருக்கும் பெரியவர். அறுப்புக்கு ஆள் விடுவதும் திருவிழாவுக்கு நாள் வைப்பதும் அவர்தான். காரை நான் இழுத்துக்கொண்டு வந்த நாளில் "பழைய இரும்புக்காரன் கிட்ட போடுடா" என்றவர், அன்றைக்கு, "நம்ம ஊரு வண்டிடா" என்றார்.

பானெட்டுக்கு மாலை போட்டார்கள். எனக்குப் போட்டார்கள். பிறகு பெரியப்பா என் பக்கம் வந்து, ரொம்ப மெதுவாக, அன்பாகக்கூட, சொன்னார்:

"சுந்தரம், தெருவுக்குள்ள போவப் போறோம். அவன எறக்கி வுட்டுடு."

"எவன?"

தெரியாமல் கேட்கவில்லை. கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று கேட்டேன்.

"பக்கத்துல குந்திக்கினு கீறானே அவனத்தான். மெட்ராசுல எப்படியோ, நாம இன்னாத்த கண்டோம். இது தெரு. மேளத்துக்குப் பின்னால நடந்து வரட்டும். வேணான்னு சொல்லல."

வேணான்னு சொல்லல. இந்த இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை மென்று துப்பியிருப்பேன். திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால், எனக்கும் ரோஷம் வந்திருக்கும். பெரிய மனசு பண்ணிச் சொன்னார். நான் இடப்பக்கம் திரும்பினேன். கதவு அதற்குள் திறந்துவிட்டது. அவன் என் வாய்க்காகக் காத்திருக்கவில்லை.

மேளம் நகர்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நகர்ந்தது.

ஆமாம். ஓட்டினேன்.

முதல் வீட்டு வாசலில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவன் எழுந்துபோன முன் சீட்டில், கோப்பை மேலும் சேர்த்து, தெளித்தார்கள். திருஷ்டிக்காம். எனக்குப் பக்கத்து சீட்டுக்கு மட்டும் திருஷ்டி. பின் சீட்டுக்கு இல்லை.

வேலைக்கு வரலாம்

எங்கள் ஊரில் எதைக் கொண்டாடினாலும் மேளம் வைத்து, அடி மேல் அடி வைத்துத்தான் கொண்டு போவார்கள். சாமிக்கு அது சரி. ஐம்பது வருஷப் பழைய காருக்கு ஆகாது. காற்று அடித்தால்தான் ரேடியேட்டர் ஆறும். வாசலுக்கு வாசல் நிறுத்தி ஆரத்தி எடுத்ததில், பெரியப்பா வீட்டுக்கு முன்னால் வண்டி கொதித்து, ஆவி கக்கி, நின்றுபோனது.

நான் இறங்கி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

"ஏழுமலய கூப்புடு. முனையிலதான் இருப்பான். வந்து பாக்கட்டும்."

"தெருவுக்குள்ள வரலாமா பெரிப்பா?" என்றேன்.

"இன்னாடா கேள்வி இது? வேலைக்கு வரத்துக்கு யாரு வேணான்னது?"

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. வர வேண்டிய நேரத்துக்கு ஒரு தெரு தள்ளி வந்தது. பின்னாலிருந்து ஜாக்கியை எடுத்தேன். மாட்டு வண்டிக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டைகள் பெரியப்பா வாசலிலேயே கிடந்தன. அச்சைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்து, முன் சக்கரம் இரண்டையும் கழற்றினேன். மேளக்காரர் குச்சியைத் தூக்கிய கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏழுமல வந்து இந்த சீட்ல ஒக்காருவான். இந்த முனையிலருந்து அந்த முன வரைக்கும் ஓட்டிக்கினு போவேன். அது வரைக்கும் வண்டி இங்கதான் கெடக்கும்" என்றேன்.

சக்கரங்களை உருட்டிக்கொண்டு போய் சரோஜாவிடம் கொடுத்து, யாருக்கும் தராதே என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன்.

மூன்று நாள்

எங்கள் தெரு குறுகல். அறுப்புக் காலம். நெல் கட்டு ஏற்றிய வண்டிகள் எல்லாம் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. போகிறவன் எல்லாம் தெரு முனையில் நின்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனான்.

"இன்னா சுந்தரம், அடகாக்கறியா? கோழி குந்துன எடமாச்சே."

"பொரிச்சா எனக்கு ஒரு சைக்கிளு குடுப்பா."

வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்தும் இருந்தது. என்னை ஒரு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன். பெரியப்பா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை சரோஜா நாஷ்டா கொண்டுவந்தாள். தட்டைப் பானெட்டின் மேல் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். பெயிண்டைப் பற்றி அவளுக்கும் பயம்.

"ஒண்ணு கேக்கறேன். நீ இங்க குந்திக்கினு கீற. அந்த அண்ணன் ஏன் வரல?"

"வருவான்."

"நீ போயி கேட்டியா?"

போகவில்லை. முந்நூறு அடி தூரம். தெருவையே மறித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார முடிந்த எனக்கு, அந்த முந்நூறு அடி நடந்துபோய் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இட்லித் தட்டைத் திருப்பி அவளிடம் நீட்டினேன்.

"நீ போவ மாட்டேன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு சரோஜா போய்விட்டாள்.

வெயில் ஏறியது. தெரு முனையில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஏழுமலை வந்துகொண்டிருந்தான். வலது கையில் ஒரு சக்கரம், இடது கையில் ஒரு சக்கரம், இரண்டையும் உருட்டிக்கொண்டு. சரோஜாதான் கொடுத்திருக்கிறாள். காலில் செருப்புப் போட்டிருந்தான். எங்கள் தெருவில் அவர்கள் யாரும் செருப்போடு நடந்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

"வந்துட்டியா, ஏறு. நான் மாட்டறேன்" என்று குதித்து இறங்கினேன்.

அவன் ஏறவில்லை. குந்தி உட்கார்ந்து ஒரு சக்கரத்தைத் தூக்கி மாட்டினான். நட்டுகளைக் கையால் திருகிக்கொண்டே பேசினான். தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"எங்க ஆளுங்க யாருக்கும் அறுப்பு இல்லன்னு சொல்லிட்டாரு ஒன் பெரிப்பா. வண்டி நவுர்ற வரைக்கும். மூணு நாளா காலனில ஒரு அடுப்பும் சரியா எரியல. நீ இங்க ஜாலியா கார்ல குந்தி நாஷ்டா துன்னுக்கினு கீற."

"எனக்குத் தெரியாதுடா."

"ஒனக்கு எப்படித் தெரியும். இந்தப் பக்கம் நீ எதுக்கு வரப் போற."

அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான்.

"ஒனக்காகத்தான்டா இவ்ளோ பண்ணேன்."

நட்டைத் திருகுகிற கை நின்றது. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"நானு எறங்கறப்போ பாத்தேன். ஒன் காலு பிரேக்குல இருந்துது. எஞ்சின நிறுத்தல. நிறுத்தியிருந்தீன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம். சாவியத் திருப்பறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

அவன் ஜாக்கியால் அச்சைத் தூக்கினான். கட்டைகளை உருவி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கிவிட்டு, அவற்றைப் பெரியப்பா வாசலில், எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"ஏறுடா. ஒரு தடவ. இவங்க கண்ணு முன்னால."

"எறங்குன்னு சொல்றதுக்கு அவுரு யாரு? ஏறுன்னு சொல்றதுக்கு நீ யாரு?" என்றான். "ஓட்டிக்கினு போ. ஆளுங்க அறுப்புக்குப் போவணும்."

வந்த வழியே நடந்து போனான். நான் வண்டியை எடுத்தேன். பெரியப்பா அப்போதுதான் வாசலுக்கு வந்தார். "அவனுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலியேடா" என்றார், என்னவோ ஏழுமலை அவர் பக்கம் பேசிவிட்டுப் போன மாதிரி. அவரை அடித்திருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது. இன்று யோசித்தால், அடித்து மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று தோன்றுகிறது.

கயிற்றுக்குப் பின்னால்

அந்த மாதமே ஏழுமலை குடும்பத்தோடு மெட்ராஸ் போய்விட்டான். சீட்டு கொடுத்த பெரியவரின் ஷெட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மணல் மூட்டையை மட்டும் என் ஷெட்டிலிருந்து ஆள் விட்டு எடுத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் மறுபடி கார்களைக் காட்டுகிற ஞாயிறு வந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. பஸ் ஏறிப் போய், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு கயிற்றுக்குப் பின்னால் நின்றேன்.

பச்சை நிறத்தில் ஒரு நீளமான கார் வந்தது. அந்தப் பெரியவர் ஓட்டினார். பக்கத்தில் ஏழுமலை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். மைக்கில் காரின் வயதைச் சொன்னார்கள், சொந்தக்காரர் பெயரைச் சொன்னார்கள். அவன் பெயரைச் சொல்லவில்லை. அங்கேயும் எனக்கு ஆத்திரம் வந்தது. வந்து என்ன செய்வது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு.

முன்னால் போன கார் நின்றதால் பச்சைக் கார் என் எதிரிலேயே நின்றது. அவன் பார்த்துவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொள்வான் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

"வண்டி எங்க?" என்றான்.

"ஷெட்லதான் கீது. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"தார்ப்பாயா?" முதல் தடவையாக அவன் குரலில் கோபம் வந்தது. "புழுங்கி பெயிண்டு கொப்புளிச்சிடும். போயி எடு. நூல் துணி போடு."

கார் நகர்ந்தது. நான் பாதியிலேயே கிளம்பி, பஸ் மாறி, வெளிச்சம் இருக்கும்போதே வந்து தார்ப்பாயை இழுத்தேன். பானெட் முழுக்கக் கடுகு கடுகாகக் கொப்புளம். கண்ணை மூடித் தடவினேன். கை நிற்காத இடமே இல்லை.

அந்தக் கார் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், இவ்வளவு நல்ல வண்டியை ஏன் இப்படி விட்டு வைத்திருக்கிறீர்கள், பெயிண்ட் அடிக்க நல்ல ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். ஆள் இருக்கிறான். கூப்பிடத்தான் எனக்கு வாயில்லை.